மேயரைக் காணவில்லை

“ராஸ்! மேயரைக் காணோம்!”

வெர்னா சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினாள். அவள் கணவன் ராஸ் பாதி முகம் மழித்து, மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். கொல்லையில் நின்ற பெரிய தைலமரத்தை இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மரம் இருந்தது. இலை இருந்தது. கிளை பிரியும் இடத்தில், குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிற மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்த கோலாக் கரடியை மட்டும் காணவில்லை.

“அந்தப் பக்கமா திரும்பி உட்கார்ந்திருப்பான்,” என்றான் ராஸ்.

“மரத்தைச் சுத்தி வந்து பாத்துட்டேன்.”

“உச்சிக்கு ஏறியிருப்பான்.”

“மேயரா? உச்சிக்கா? பக்கத்துல இருக்கிற இலைக்குக் கை நீட்டவே அரை நாள் யோசிக்கிறவன்!”

மேயர் என்பது ராஸ் வைத்த பெயர். பகல் பூராவும் தூக்கம். கண் விழித்தால் சாப்பாடு. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு அவனால் ஒரு காரியமும் நடந்தது கிடையாது. இதைவிடப் பொருத்தமான பெயர் ராஸுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போனதில்லை. உருண்டைத் தலை, காது நிறையப் பஞ்சு, நடுவில் கறுப்பாக ஒரு பெரிய மூக்கு. பால் குடித்துவிட்டுத் தூங்குகிற குழந்தையை யாரோ மரத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிற தபால்காரர் கூட வேலியோரம் வண்டியை நிறுத்தி, “என்னடா செல்லம்?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். செல்லம் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதனாலேயே அவருக்கு இன்னும் பிரியம்.

அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கா காணாமல் போக வேண்டும்? இன்றைக்குத்தான் வீடு பார்க்க வருகிறார்கள்.

வீட்டை விற்பனைக்குப் போட்டுப் பல மாதம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கும் உயரமான மரத்தூண்களையும் செங்குத்துப் படிகளையும் பார்த்து, “அழகா இருக்கு, யோசிச்சுச் சொல்றோம்,” என்பார்கள். அதற்கப்புறம் யோசிக்கிற சத்தம் கூடக் கேட்காது. டாஸ்மேனியாவில் மகள் ஜோடி தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மருமகன் மீன்பிடிக் கப்பலில் போனால் எப்போது கரைக்கு வருவான் என்று அவனுக்கே தெரியாது. “அம்மா, அதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?” என்று ஜோடி போனில் கேட்கும்போதெல்லாம் வெர்னா, “வந்துடுவோம்டா,” என்பாள். சொல்லிவிட்டுக் காலண்டரைப் பார்ப்பாள்.

போதாக்குறைக்கு ராஸின் இதயத்தில் போன கோடையில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். படி ஏறக்கூடாது, ஏணி பக்கமே போகக்கூடாது, பதற்றம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் பதற்றத்தையும் சேர்த்து இப்போது வெர்னாதான் பட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றுத்தான் தரகர் கிரலி போன் செய்திருந்தாள்.

“வெர்னா, இந்தத் தடவை வர்றவங்க நிஜமாவே வாங்குற ஆளுங்க. சமையலறை எப்படி, கூரை எப்படின்னு ஒரு கேள்வி இல்ல. கோலா வருமா, கோலா வருமான்னுதான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க.”

“அடக் கடவுளே! விளம்பரத்துல மேயர் படத்தைப் போடாம விட்டுட்டோமே! நீ என்ன சொன்ன?”

“வந்து உங்க கண்ணாலயே பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன்.”

“நல்லாச் சொன்ன போ!”

நேற்று இரவு வெர்னா மனசுக்குள் ஜோடியின் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரையே பின்னி முடித்துவிட்டாள். இப்போது ஜன்னலோரம் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் உன்னாலதான். நேத்து அந்த ரம்பத்தைப் போட்டுக் கிளையை வெட்டுனியே, அந்தச் சத்தத்துக்குத்தான் கிளம்பிட்டான்.”

“கிரலிதானே வீட்டுக்குள்ள வெளிச்சம் வரணும்னு சொன்னா?”

“வெளிச்சம் வந்துடுச்சு. மேயர் போயிட்டான். வெளிச்சத்தையா கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுப்பாங்க?”

ராஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடப் போனான். எல்லார் வீட்டு மரத்தையும் அண்ணாந்து பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பின்தெருவில் காக்கை அளவுள்ள ஒரு மாக்பை பறவை, குஞ்சுகளைக் காக்கிற கோபத்தில், அவன் தலையில் கொத்தி அனுப்பியது.

இதற்குள் வெர்னா காட்டு விலங்குகளைக் காப்பாற்றுகிற தொண்டர்களுக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

“கோலாவுக்கு அடிபட்டிருக்கா மேடம்?”

“இல்ல.”

“நாய் கடிச்சிடுச்சா? கண்ணுல நீர் வடியுதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வழக்கமா இருக்கிற மரத்துல இல்ல, அவ்வளவுதான்.”

மறுமுனையில் ஒரு கொட்டாவி கேட்டது.

“மேடம், அது காட்டு மிருகம். இன்னிக்கு வேலைக்கு வரலைன்னு நீங்க புகார் குடுக்க முடியாது. அவனுக்கு உங்க மரம் ஒண்ணு மட்டுமா? அங்கங்க நாலு மரம் வச்சிருப்பான். மாத்தி மாத்தி உட்காருவான்.”

“நல்ல இலையா பறிச்சுக் கட்டி வச்சா வருவானா?”

“எந்த மரத்து இலை?”

“தைலமரத்து இலைதான்.”

“தைலமரத்துல நூத்துக்கணக்கான ஜாதி இருக்கு மேடம். அவன் தொடுறது அதுல நாலஞ்சுதான். அதுலயும் இந்த மரத்து இலை ஆகும், பக்கத்து மரத்து இலை ஆகாது. கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையோட அக்கா மாதிரி. பிடிக்கலைன்னா மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவான். அவனா வந்தா உண்டு. தொட்டுத் தொலைச்சிடாதீங்க, சட்டப்படி தப்பு.”

வெர்னா போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள்.

“புழுக்கை!”

“என்னையா சொல்ற?” என்றான் ராஸ்.

“மேயரோட புழுக்கை! மரத்தடியில அது கிடந்தா, இங்கதான் இருக்கான்னு நம்புவாங்கல்ல? நேத்து பெருக்கிச் சுத்தம் பண்ணித் தொட்டியில போட்டேனே!”

வீடு பார்க்க வருகிறவர்களுக்காக முந்தின நாள் கூட்டிப் பெருக்கிய அதே கையால், வெர்னா குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டாள். வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் விலக்கி, கொட்டையளவு உருண்டைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். இருமல் மிட்டாய் மாதிரி வாசனை. மரத்தடியில் கோலம் போடுகிறவள் போலத் தூவிவிட்டு, இரண்டடி பின்னால் நின்று பார்த்தாள். போதாது என்று இன்னும் கொஞ்சம் தூவினாள்.

“அது சரி. மேல ஒண்ணும் இல்லாம கீழ மட்டும் எப்படி விழுந்துச்சுன்னு கேட்டா?” என்றான் ராஸ்.

வெர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ராஸ் உள்ளே போய், ஜோடியின் பழைய அறையிலிருந்து ஒரு பொம்மையோடு வந்தான். நிஜ அளவில் ஒரு பஞ்சுக் கோலா. ஜோடி சிறுபிள்ளையில் கட்டிக்கொண்டு தூங்கியது. ஒரே குறை, அதற்குச் சிவப்பில் கையில்லாத ஒரு வெஸ்ட் கோட்டு சேர்த்துத் தைத்திருந்தார்கள். கழற்ற முடியாது.

“முதுகைக் காட்டி உட்கார வச்சு, இலையை மேல போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியும்? மேயரும் எந்நேரமும் முதுகைத்தானே காட்டிகிட்டு இருப்பான்.”

“ராஸ், இது ஏமாத்து.”

“கொஞ்ச நேரத்துக்குத்தான். அதுக்குள்ள அவனே வந்துட்டாலும் வந்துடுவான்.”

“எப்படி ஏறுவ? ஏணிப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!”

“டாக்டர் வீடா விக்குது? விடு கண்ணு. மெதுவா ஏறுவேன். மேயர் ஏறுற மாதிரி ஏறுவேன்.”

ஏணியை வெர்னா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ராஸ் ஒவ்வொரு படியாக ஏற ஏற, ஏறுவது அவன் கால் என்பதை மறந்து அவளுக்கு மூச்சு வாங்கியது. “நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டாள். “இல்ல.” “இப்ப?” “இல்லடி.” “இப்ப?” “நீ கேக்கறதுலதான் வலி வரும்போல இருக்கு!”

கிளை பிரியும் இடத்தில் அவன் காலைப் போட்டு உட்கார்ந்து, தூண்டில் நரம்பால் பொம்மையைக் கட்ட ஆரம்பித்தான். தலை ஒரு பக்கம் தொங்கியது. அவிழ்த்துக் கட்டினான். மறு பக்கம் தொங்கியது.

“போதும், இறங்கு!”

“இரு, குடிச்சவன் மாதிரி சாயறான்.”

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கிரலியின் கணீர்க் குரலும் கேட்டது. “இப்படி வாங்க, முதல்ல கொல்லையைப் பாத்துடலாம்னுதானே சொன்னீங்க?”

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்! ராஸ் இறங்குவதற்கு நேரமில்லை. மரத்தில் சாய்ந்திருக்கிற ஏணியைப் பார்த்தால் கதை முடிந்தது. வெர்னா யோசிக்காமல் ஏணியை இழுத்து வீட்டுக்கடியில் தள்ளினாள்.

“வெர்னா! ஏணி!” மரத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

“இலைக்குள்ள ஒளிஞ்சுக்கோ! மூச்சு விடாத!” என்றாள். பிறகு நெஞ்சு ஞாபகம் வந்து, “மூச்சு மட்டும் விடு!” என்றாள்.

வந்தவர்கள் மூன்று பேர். லாக்லன், நெட்டையாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. அவன் மனைவி ப்ரூ, அவளுக்கும் அதே கருவளையம். கூடவே லாக்லனின் தாய் ஐவி அம்மாள், கையில் ஊன்றுகோல். மூன்று பேரும் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. நேராக மரத்தைப் பார்த்தார்கள்.

“பாத்தீங்களா?” என்று கிரலி வெர்னாவின் காதில் சொன்னாள். “நான் சொல்லல? கோலாப் பைத்தியம்.”

லாக்லன் தண்டின் மேல் இருந்த நகக் கீறல்களைத் தடவிப் பார்த்தான். “இது புதுக் கீறலா?” என்றான்.

“புதுசுதான்! புத்தம் புதுசு!” என்றாள் வெர்னா.

ஐவி அம்மாள் ஊன்றுகோலால் தரையைக் கிளறி, ஒரு உருண்டையை உருட்டிப் பார்த்தாள்.

“இது என்ன?”

“அவனோடதுதான் அம்மா! இன்னிக்குக் காலைல போட்டது!”

“இவ்வளவா?”

“நல்லாச் சாப்பிடுவான்,” என்றாள் வெர்னா பெருமையோடு.

ப்ரூ கணவனின் கையைப் பிடித்து இறுக்கினாள். பாவம், பூரிப்புத் தாங்கவில்லை என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

“எங்க இருக்கு?” ப்ரூவின் குரல் நடுங்கியது.

வெர்னா மேலே காட்டினாள். இலைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் முதுகு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், நல்ல வேளையாக இலைகளுக்குள் மறைந்து, ராஸின் பழுப்பு நிறக் கால்சட்டை.

“அசையவே மாட்டேங்குதே,” என்றான் லாக்லன்.

“அதுங்க அப்படித்தாங்க. இருபது மணி நேரம் தூங்கும். சாப்பிடுறது வெறும் இலை. அதுல இருக்கிற விஷத்தை முறிக்கவே உடம்புக்குப் பாதி தெம்பு போயிடுது. தண்ணி கூட அதிகம் கேக்காது. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல.”

“ஆணா, பெண்ணா?”

“ஆண்தான்! நல்லா வாட்டசாட்டமான ஆண்!”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐவி அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தாள். “அது என்ன, சிவப்பா?”

“பூவா இருக்கும்!” என்றாள் வெர்னா. அடுத்து யாராவது ஒருவர் பக்கவாட்டில் இரண்டடி வைத்தால் வெஸ்ட் கோட்டின் பொத்தானே தெரிந்துவிடும். கிரலிக்கும் ஏதோ சந்தேகம் வந்து, மரத்தையும் வெர்னாவையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள்.

“உயிரோட இருக்கா?” என்றான் லாக்லன். “சத்தம் கித்தம் போடுமா?”

உயிரோடுதான் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். வெர்னாவுக்கு வேறு வழி தெரியவில்லை. “போடுவானே!” என்றாள், மரத்தைப் பார்த்து, ஒரு மைல் தூரம் கேட்கிற குரலில். “இது அவன் துணை தேடுற காலமாச்சே! டேய் மேயர்! வந்தவங்களுக்கு ஒரு சத்தம் போட்டுக் காட்டு பாப்போம்!”

ஊர் கிளப்பில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் ராஸ் கோலா மாதிரி கத்திக் காட்டாமல் யாரும் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். அவ்வளவு தத்ரூபம். அந்தப் பஞ்சு உருண்டைக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று கேட்டவர்கள்தான் நம்புவார்கள். கிளம்ப மறுக்கிற பழைய மோட்டார் சைக்கிளை ஒரு பன்றியின் வயிற்றுக்குள் வைத்து உதைத்த மாதிரி இருக்கும்.

மரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு கத்தியது.

உள்ளே இழுக்கிற உறுமல், வெளியே விடுகிற குறட்டை, மறுபடி உறுமல். அடுத்த தெரு நாய்கள் குரைத்தன. ஓடைக்கரைக் காக்கட்டூ கிளிகள் கூட்டமாகக் கிளம்பின. ராஸ் தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகக் கத்தியதில்லை. ப்ரூ இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். லாக்லன் வெளிறிப்போனான். ஐவி அம்மாள் கிரலியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்றது.

அடுத்து மரம் இருமியது. மனிதன் இருமுகிற மாதிரி இருமியது. ஒரு கிளை முறிகிற ஓசை. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

வெர்னா காத்திருந்தாள். ஒன்றுமே இல்லை. இலை கூட அசையவில்லை. அவளுக்கு டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்த அந்தக் கோடை ஞாபகம் வந்தது. வீடு, ஜோடி, வந்தவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

“ராஸ்!” என்று அலறினாள். “ராஸ், பேசு! நெஞ்சா? மாத்திரை வச்சிருக்கியா? கிரலி, அந்த ஏணியை எடு! வீட்டுக்கடியில இருக்கு! எடுடி சீக்கிரம்!”

மேலே இலைகள் விலகின. முதலில் பஞ்சுக் கோலா விழுந்தது. ஐவி அம்மாளின் காலடியில், மல்லாக்க, சிவப்பு வெஸ்ட் கோட்டும் கண்ணாடிக் கண்ணுமாகப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் மழித்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

“ஒண்ணும் இல்ல கண்ணு,” என்றான் ராஸ் இருமிக்கொண்டே. “இலை வாயில போயிடுச்சு. இதைப் போய் எப்படித்தான் திங்கிறானோ!”

கிரலி கொண்டுவந்து சாய்த்த ஏணியைப் பிடித்துக்கொண்டு வெர்னா அழுதாள். ராஸ் இறங்கி வந்ததும் அவன் மார்பில் ஓங்கி ஒரு குத்து விட வந்து, ஸ்டென்ட் ஞாபகத்தில் கையை மாற்றித் தோளில் குத்தினாள். கிரலி இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

“மன்னிச்சிடுங்க. உங்களுக்குக் கோலான்னா உசுருன்னு கிரலி சொன்னா. இங்க ஒருத்தன் இருந்தான், இல்லைன்னு சொல்லல. நேத்து ரம்பம் போட்ட சத்தத்துல எங்கயோ போயிட்டான். திரும்ப வருவானான்னு சத்தியமா தெரியாது. இது பொம்மை. அந்தப் புழுக்கை நான் குப்பையிலேருந்து பொறுக்கிப் போட்டது. மேல கத்துனது என் புருஷன். மகளுக்குப் பிரசவம், அதுக்குள்ள போயாகணும், அந்தப் பதட்டத்துல புத்தி கெட்டுப்போச்சு. நீங்க கிளம்புங்க. காருக்குத் திரும்ப வழி அந்தப் பக்கம்.”

யாரும் கிளம்பவில்லை. லாக்லன் பொம்மையைப் பார்த்தான். ப்ரூ காதிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். ஐவி அம்மாள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ராஸின் முன்னால் வந்து நின்று, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்போ கத்துனது கோலா இல்லையா?”

“இல்லம்மா. நான்தான்,” என்றான் ராஸ், தலையைக் குனிந்துகொண்டு.

ஐவி அம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். “டேய் லாக்லன், படுக்கையறை ஜன்னலுக்கு வெளிய ஒரு கோலா ராத்திரி ராத்திரி கத்தித் தூங்க விடாமதானே நாம வீட்டையே மாத்துறோம்! இங்க நிஜக் கோலா ரம்பச் சத்தத்துக்கே ஓடிப்போச்சு. கத்துறது இந்த அம்மாவோட புருஷன்தான்னா போகும்போது கூடவே கூட்டிட்டுப் போயிடப்போறாங்க. பேசாம இந்த வீட்டையே முடிச்சிடு!”